கோப்பை வந்த வாரத்தில் கொந்தளித்த சபை

2018 ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோவின் லூஷ்னிக்கி மைதானத்தில் குரோஷியாவை 4-2 என்று வீழ்த்தி, இரண்டாவது முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது பிரான்ஸ். முக்கியப் பிரமுகர்களின் வரிசையிலிருந்து துள்ளி எழுந்து, கை முஷ்டியை உயர்த்திக் கத்திய அதிபர் இம்மானுவேல் மக்ரோனின் படம் உலகப் பத்திரிகைகளை எல்லாம் நிறைத்தது. பரிசளிப்பின்போது மழை கொட்டியது. முதல் குடை புதினுக்குப் போனது. மக்ரோனும் குரோஷிய அதிபர் கொலிந்தா கிராபர்-கித்தரோவிச்சும் தொப்பலாக நனைந்தபடியே வீரர்களை ஒவ்வொருவராகக் கட்டித் தழுவினார்கள். நாற்பது வயது அதிபருக்கு அதைவிட நல்ல படம் எந்த விளம்பர நிறுவனத்தாலும் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது.

அடுத்த ஞாயிறு, ஜூலை 22. அதே அதிபரின் அரசு, தான் பெரிதாகப் பேசிவந்த அரசியல் சாசனத் திருத்த மசோதாவின் விவாதத்தை மறு தேதி குறிப்பிடாமல் நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சபையில் அரசுக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்தது. மசோதா வாக்கெடுப்பில் தோற்கவும் இல்லை. நாள் கணக்கில் சபையில் வேறு எதுவுமே பேச முடியாமல் போனதுதான் காரணம்.

அந்த ஒரு வாரத்தில் பாரிஸின் தேசிய சபையில் நடந்தது, விளையாட்டு வெற்றியை வைத்து அரசியல் கணக்குப் போடும் எல்லோரும் படித்து வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். பிரான்ஸில் அதிபர் நாடாளுமன்றத்துக்குள் நுழைய முடியாது. இது நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். 1873-இல் அதிபராக இருந்த அடோல்ஃப் தியேர் பெரிய பேச்சாளர். அவர் எழுந்து பேசினால் சபையே மயங்கி வாக்களித்துவிடும் என்று பயந்த முடியாட்சி ஆதரவாளர்கள், அவர் விவாதத்தில் பங்கெடுக்க முடியாதபடி ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். அன்றைக்குப் பூட்டிய கதவு. 2008-இல் நிக்கோலா சர்க்கோஸி கொண்டுவந்த திருத்தம் அதை ஒரு கீற்று திறந்துவிட்டது. இரு அவைகளும் வெர்சாய் அரண்மனையில் ஒன்றாகக் கூடினால் அதிபர் அங்கே போய் உரையாற்றலாம். ஆனால் பேசி முடித்ததும் கிளம்பிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் உறுப்பினர்கள் விவாதிப்பார்கள்.

உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலை 9 அன்று, மக்ரோன் வெர்சாயில் அப்படிப் பேசினார். காலிறுதியில் உருகுவேயை வென்றாகிவிட்டது. மறுநாள் பெல்ஜியத்துடன் அரையிறுதி. அந்த உரையில் அவர் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: அடுத்த ஆண்டு முதல் நான் உரையாற்றிவிட்டுப் போய்விட மாட்டேன், உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்டுப் பதிலும் சொல்வேன், அதற்கு வழிசெய்யும் திருத்தத்தை நடக்கப்போகும் சாசன விவாதத்திலேயே சேர்க்கச் சொல்கிறேன் என்றார். ழான்-லுக் மெலான்ஷோனின் தீவிர இடதுசாரிக் கட்சி அந்தக் கூட்டத்தையே புறக்கணித்திருந்தது. மன்னராட்சிச் சடங்கு என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

ஜூலை 10 அன்று சாசன விவாதம் சபையில் தொடங்கியது. இதோடு இணைந்த சட்டங்களில் மக்ரோனின் தேர்தல் வாக்குறுதி ஒன்றும் இருந்தது. தேசிய சபையின் 577 இடங்களை 404 ஆகக் குறைப்பது. செனட்டின் 348 இடங்களை 244 ஆக்குவது. பத்தில் மூன்று பங்கு உறுப்பினர்களின் பதவியையே பறிக்கும் திட்டம். உறுப்பினர்கள் உற்சாகமாக இருந்திருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் வரிசையில் நின்றன. வலதுசாரிக் குடியரசுக் கட்சியின் குழுத் தலைவர் கிறிஸ்தியான் ழாக்கோப் முதல் நாளிலிருந்தே இழுத்தடிக்கும் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்.

இழுபறிக்கு நடுவே ஒன்று மட்டும் ஒருமனதாக நடந்தது. ஜூலை 12 அன்று, இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, சாசனத்தின் முதல் பிரிவிலிருந்து 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, பால் வேறுபாடு கூடாது என்பதைச் சேர்க்கச் சபை வாக்களித்தது. 119 பேர் வாக்களித்தார்கள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. கேமரூன் தந்தைக்கும் அல்ஜீரியப் பூர்விகத் தாய்க்கும் பிறந்த கிலியன் எம்பாப்பே, கேமரூனிலேயே பிறந்த சாமுவேல் உம்திதி, கினிப் பெற்றோரின் மகன் போல் போக்பா ஆகியோர் நாட்டையே தெருவில் ஆடவைத்துக்கொண்டிருந்த வாரம் அது.

இதற்குள் கோப்பையும் வந்துவிட்டது.

ஜூலை 16, திங்கள். ஷான்ஸ் எலிசே சாலையில் லட்சக்கணக்கில் கூட்டம். வெயிலில் பல மணி நேரம் காத்துக் கிடந்தவர்கள் முன்னால் வீரர்களின் திறந்த பேருந்து வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கால் மணி நேரம் போலத்தான் ஊர்வலம். 1998-இல் ஜினேடின் ஜிதானின் அணி வந்தபோது பேருந்து நகர முடியாமல் மணிக்கணக்கில் கூட்டத்தில் சிக்கி நின்றதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். பேருந்து அவசரமாகப் போய்ச் சேர்ந்த இடம் எலிசே மாளிகை. அங்கே தோட்டத்தில் அதிபர் விருந்தினர் கூட்டத்தோடு காத்திருந்தார். மாலைத் தொலைக்காட்சிச் செய்திக்குப் படம் வேண்டும் என்பதற்காகத்தான் பேருந்தை விரட்டினார்கள் என்று பேச்சு எழுந்தது, மாளிகை மறுத்தது.

அந்தப் பேருந்தில் வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இடையே ஓர் இளைஞரும் இருந்தார். அப்போது யாரும் அவரைக் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் பெயர் நாட்டுக்கே தெரிந்தது.

ஜூலை 18, புதன் மாலை. 'லெ மோந்த்' நாளிதழ் தன் இணையப் பதிப்பில் ஒரு காணொளியை அடையாளம் காட்டியது. மே தினத்தன்று பாரிஸின் கோந்த்ரெஸ்கார்ப் சதுக்கத்தில் போலீஸ் தலைக்கவசம் அணிந்த ஒருவர், ஆர்ப்பாட்டம் நடந்த இடத்தில் ஓர் இளைஞரைக் கழுத்தைப் பிடித்து இழுத்து அடிக்கிறார். காணொளி மே மாதத்திலிருந்தே இணையத்தில் இருந்தது. பார்த்தவர்கள் ஏதோ ஒரு போலீஸ்காரர் என்று நினைத்தார்கள். அவர் போலீஸே இல்லை. அலெக்ஸாந்தர் பெனல்லா, வயது 26, அதிபர் மாளிகை ஊழியர், தேர்தல் பிரசாரக் காலத்திலிருந்து மக்ரோனின் நிழலாக நடந்தவர். மாளிகைக்கு மே மாதமே விஷயம் தெரியும். 15 நாள் பணியிடை நீக்கத்தோடு முடித்துவிட்டார்கள். அரசு வழக்கறிஞரிடம் யாரும் போகவில்லை. அதன் பிறகும் அவர் அதிபரின் பயண ஏற்பாடுகளில் இருந்தார். உலகக் கோப்பைப் பேருந்திலும் இருந்தார். பேருந்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டபோது, ஆளும் கட்சித் தலைவர் கிறிஸ்தோஃப் கஸ்தனேர் சொன்ன பதிலில் பயணப் பெட்டிகள் வந்தன. அந்தப் பெட்டிகளை வைத்து பிரெஞ்சுக்காரர்கள் அடித்த கேலி அந்தக் கோடை முழுவதும் ஓயவில்லை.

பூர்போன் மாளிகை என்ற தேசிய சபைக் கட்டடம் சேன் நதியின் தென்கரையில் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் கொங்கோர்து சதுக்கம். அங்கிருந்துதான் ஷான்ஸ் எலிசே புறப்படுகிறது. திங்களன்று கொடிகளும் வண்ணப் புகையுமாக இருந்த இடத்துக்கும் வியாழனன்று கூச்சல் எழுந்த இடத்துக்கும் நடந்தே போகலாம்.

நம் சட்டமன்றங்களில் அமளி என்றால் நமக்கு ஒரு சித்திரம் இருக்கிறது: சபாநாயகர் மேஜை முற்றுகை, கிழித்தெறிந்த காகிதம், காவலர்கள் தூக்கிப் போவது, வெளிநடப்பு. பாரிஸில் அந்த வாரம் பயன்பட்ட ஆயுதம் வேறு. அங்கே விதிமுறையிலேயே ஒரு கதவு இருக்கிறது. அன்றைய சபை நடத்தை விதி 58-இன்படி எந்த உறுப்பினரும் எழுந்து, சபை நடக்கும் விதத்தில் குறை இருப்பதாகச் சொல்லி ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். மற்ற எல்லாப் பேச்சுக்கும் முன்பாக அதைக் கேட்டாக வேண்டும். இரண்டு நிமிடம். அவர் உட்கார்ந்ததும் அடுத்தவர் எழுவார். அவருக்கும் இரண்டு நிமிடம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதை முறைபோட்டுச் செய்தால், மசோதாவின் ஒரு வரிகூட நகராது.

அதைத்தான் செய்தார்கள். வலதுசாரிகள், சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், மெலான்ஷோனின் ஆட்கள், மரின் லெ பென்னின் தீவிர வலதுசாரிக் கட்சியினர் என்று ஒருவரோடொருவர் காபி குடிக்கவும் சம்மதிக்காத கூட்டம், ஒரே கேள்வியைப் பல குரலில் கேட்டது. உள்துறை அமைச்சர் எங்கே? பிரதமர் எங்கே? அதிபர் மாளிகையில் என்ன நடக்கிறது என்று தெரியாத நாங்கள், அதே அதிபரின் சாசன மசோதாவை எப்படி விவாதிப்பது? அரசு இருக்கையில் இருந்தவர் நீதித்துறை அமைச்சர் நிக்கோல் பெலூபே. சட்டப் பேராசிரியர், சாசனத்தை விளக்க வந்தவர். பெனல்லாவைப் பற்றிய கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. கூட்டம் கலைவதும் கூடுவதும் மீண்டும் கலைவதுமாக நாள் போனது. ஒழுங்குப் பிரச்சினைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன.

சபாநாயகர் பிரான்சுவா தெ ருஜியின் நிலை பரிதாபமானது. ஆளும் கட்சிக்காரர், மசோதாவை நிறைவேற்றித் தரவேண்டிய பொறுப்பில் இருந்தவர். இதற்கு நடுவே இன்னொரு செய்தி வெளியானது. பெனல்லாவுக்குத் தேசிய சபையின் அனுமதி அட்டையும் இருந்தது. சாதாரண அட்டையும் இல்லை. உறுப்பினர்கள் அமரும் மண்டபம் வரை போகக்கூடிய அட்டை. பின்னால் பெனல்லாவே 'லெ மோந்த்' பேட்டியில் அதற்குக் காரணம் சொன்னார். சபையின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதற்காக வாங்கினாராம். அதிபரே நுழைய முடியாத கட்டடத்தில் அதிபரின் ஊழியர் எடை தூக்கிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டுக் கொதிக்காத உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருந்திருக்க மாட்டார்.

வியாழன் இரவுக்குள் ஆளும் தரப்பு ஓரடி பின்வாங்கியது. சபையின் சட்டக் குழுவுக்கு விசாரணை ஆணைய அதிகாரம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதாவது சாட்சிகளைக் கட்டாயமாக அழைக்கலாம், சத்தியப் பிரமாணம் வாங்கி விசாரிக்கலாம். அதோடு அமளி அடங்கும் என்று நினைத்தார்கள். அடங்கவில்லை. வெள்ளியன்று பெனல்லாவைப் போலீஸ் காவலில் எடுத்தது. கண்காணிப்புக் கேமரா பதிவுகளை அவருக்குக் கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட மூன்று போலீஸ் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மாளிகை அவரை வேலையைவிட்டு நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கியது. ஒவ்வொரு புதிய தகவலும் சபைக்குள் புதிய ஒழுங்குப் பிரச்சினை ஆனது. சனிக்கிழமையும் அதே கதை. ஞாயிறன்று பெலூபே கைவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றக் கூச்சலைப் பற்றி நாகரிகமான மனிதர்கள் முகம் சுளிப்பது வழக்கம். நேர விரயம், வரிப்பணம் பாழ் என்பார்கள். பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால் அந்த நான்கு நாளில் பிரான்ஸில் வேறு எந்த வழியும் எதிர்க்கட்சிக்கு இல்லை. வாக்கெடுப்பு வைத்தால் தோற்பார்கள். அதிபரைக் கூப்பிட முடியாது; சாசனம் தடுக்கிறது. அமைச்சர்கள் வர மறுத்தார்கள். எண்ணிக்கை செல்லாத ஒரே இடம் அந்த இரண்டு நிமிடம்தான். அதை வைத்துத்தான் விசாரணையைப் பிடுங்கினார்கள். கூச்சல் இல்லாமலிருந்தால் விசாரணையும் இருந்திருக்காது என்பது என் துணிபு.

எண்ணிக்கை செல்லும் இடத்தில் என்ன ஆகும் என்பதையும் அடுத்த வாரமே காட்டியது. ஜூலை 23, திங்கள் காலை, உள்துறை அமைச்சர் ஜெரார் கொலோம் சட்டக் குழு முன் அமர்ந்தார். தொலைக்காட்சிகள் நேரலை செய்தன. விடுமுறையில் கடற்கரைக்குப் போகவேண்டிய மக்கள் வீட்டில் உட்கார்ந்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவைக் கற்றுக்கொண்டார்கள். குற்றம் நடந்ததைத் தன் பணியின்போது அறியும் அரசு அதிகாரி அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. மே 2-ஆம் தேதியே எனக்குத் தெரியும், ஆனால் நடவடிக்கை எடுக்க வேண்டியது அதிபர் மாளிகையும் பாரிஸ் காவல் துறையும்தான் என்றார் கொலோம். பெனல்லாவை எங்கோ பார்த்திருக்கிறேன், போலீஸ்காரர் என்று நினைத்தேன் என்றும் சொன்னார். பின்னால் வந்த பாரிஸ் காவல் துறைத் தலைவர் மிஷேல் தெல்புயெஷ் பந்தைத் திருப்பி அடித்தார்.

குழுவுக்கு இரண்டு அறிக்கையாளர்கள். ஆளும் கட்சியின் யயெல் ப்ரோன்-பிவே, எதிர்க்கட்சியின் கியோம் லாரிவே. யாரை அழைப்பது என்பதில் சண்டை வந்தது. எதிர்க்கட்சி கேட்ட பட்டியலில் மாளிகையின் தலைமைச் செயலர் அலெக்ஸி கோலேர் இருந்தார், பெனல்லாவே இருந்தார். குழுவில் பெரும்பான்மை ஆளும் கட்சிக்கு. வேண்டாம் என்று வாக்களித்துவிட்டார்கள். ஜூலை 26 அன்று எதிர்க்கட்சிகள் குழுவிலிருந்து வெளியேறின. ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிய விசாரணை, அறிக்கை எதுவும் தராமலே செத்தது.

இதற்கிடையில் மக்ரோன் பேசினார். ஆனால் நாட்டிடம் இல்லை, சபையிடமும் இல்லை. ஜூலை 24 இரவு, தேசிய சபைக்குக் கூப்பிடு தூரத்தில், 'லத்தீன் அமெரிக்க இல்லம்' என்ற மாளிகைத் தோட்டத்தில் தன் கட்சி உறுப்பினர்களின் பருவ முடிவு விருந்துக்கு வந்தார். பொறுப்பு என்னுடையது, என்னுடையது மட்டும்தான், வேண்டுமென்றால் வந்து என்னைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். கைத்தட்டல் வானைப் பிளந்தது. கைப்பேசிப் பதிவுகள் நொடியில் வெளியே வந்தன. பெனல்லாவிடம் அணு ஆயுதக் குறியீடுகள் ஒருபோதும் இருந்ததில்லை, அவர் என் காதலரும் இல்லை என்று நகைச்சுவையும் செய்தார். பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்குத் தொடர முடியாது, அவரை எந்த நீதிமன்றமும் சாட்சியாகவும் அழைக்க முடியாது என்பது சாசனத்தின் 67-ஆம் பிரிவு. வந்து பிடித்துக்கொள்ளச் சொன்னவருக்கு அது தெரியாததல்ல. வெர்சாயில், உங்கள் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்வேன் என்று அவர் சொல்லிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

ஜூலை 31 அன்று பிரதமர் எதுவார் ஃபிலிப் ஒரே அமர்வில் இரண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களைச் சந்தித்தார். ஒன்று வலதுசாரிகளுடையது. மற்றது சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், மெலான்ஷோன் கட்சி மூன்றும் கையெழுத்திட்டது. தீர்மானம் கொண்டுவரப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 58 உறுப்பினர்கள் வேண்டும். தனித்தனியாக அந்த மூவரிடமும் அவ்வளவு பேர் இல்லை, ஆகவே சேர்ந்தார்கள். பிரான்ஸில் இந்த வாக்கெடுப்பின் முறையே தனி: தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் மட்டும் வாக்களிப்பார்கள், மற்றவர்கள் இருக்கையைவிட்டு அசையவே வேண்டாம். 289 தேவை. வலதுசாரித் தீர்மானத்துக்கு 143, இடதுசாரித் தீர்மானத்துக்கு 74. அரசு விழும் என்று யாரும் நினைக்கவில்லை. இருந்தாலும் பிரதமர் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் தீர்மானமே.

உண்மையான விசாரணை நடந்தது லக்ஸம்பர்க் தோட்டத்தை ஒட்டிய செனட்டில். பிரெஞ்சு செனட்டை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊர் மன்ற உறுப்பினர்கள் முதலானோர் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். வயதானவர்களின் ஓய்வகம் என்று கேலி செய்வார்கள். மக்ரோன் குறைக்க நினைத்த இடங்களில் இதன் இடங்களும் அடக்கம். ஆனால் அங்கே அவர் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. வலதுசாரி செனட்டர் ஃபிலிப் பா தலைமையில், அலட்டல் இல்லாத குரலில், சுற்றி வளைத்துக் கேள்வி கேட்கும் ஒரு குழு மாதக்கணக்கில் உட்கார்ந்தது. தேசிய சபை அழைக்க மறுத்த கோலேரை அழைத்தது. செப்டம்பர் 19 அன்று பெனல்லாவே வந்தார். முதலில் ஃபிலிப் பாவை வானொலியில் ஏளனம் செய்தவர், குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். 2019 பிப்ரவரி 20 அன்று வெளியான அறிக்கை, அதிபரின் பாதுகாப்பு ஏற்பாட்டிலேயே பெரும் ஓட்டைகள் இருந்ததாகச் சொன்னது. சிலர் சத்தியப் பிரமாணத்தின் கீழ் உண்மை பேசவில்லை என்ற சந்தேகத்தையும் எழுப்பியது. அமைச்சர்கள் கடுப்பானார்கள். செனட்டர்கள் கண்டுகொள்ளவில்லை.

கால்பந்தை வைத்து பிரெஞ்சு நாடாளுமன்றம் களேபரம் ஆனது இது முதல் முறையும் அல்ல. 2010-இல் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையில், நைஸ்னா ஊரில், சக வீரர் நிக்கோலா அனெல்காவை வீட்டுக்கு அனுப்பியதை எதிர்த்து வீரர்கள் பயிற்சிக்கு வராமல் பேருந்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுடைய வேலைநிறுத்த அறிக்கையைப் பத்திரிகையாளர்களுக்குப் படித்துக் காட்டியவர் பயிற்சியாளர் ரேமோன் தொமெனெக். அணி முதல் சுற்றிலேயே ஊர் திரும்பியது. விளையாட்டு அமைச்சர் ரோசெலின் பாஷ்லோ தேசிய சபையில் எழுந்து வீரர்களைத் தெரு ரவுடிகள் என்ற பொருளில் சாடினார். ஜூன் 30 அன்று தொமெனெக்கையும் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் எஸ்கலெத்தையும் சபைக் குழு மூடிய அறையில் விசாரித்தது. அரசியல் தலையீடு கூடாது என்று ஃபிஃபா எச்சரித்தது. இருபத்து மூன்று விளையாட்டுக்காரர்களைக் கண்டிப்பதில் அன்று காட்டிய வேகம் எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. அதில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லையே.

1998 வேறு மாதிரி. ஜூலை 12 அன்று பிரேசிலை 3-0 என வென்றபோது அதிபர் ஷாக் சிராக் வலதுசாரி, பிரதமர் லியோனல் ழோஸ்பன் சோஷலிஸ்ட். கோப்பையை யார் கணக்கில் வரவு வைப்பது என்று இருவருக்கும் போட்டி. 23 என்ற எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்ட சிராக்தான் லாபம் பார்த்தார். அந்த வெற்றியில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. குடியேறிகள் விஷயத்தில் கடுமைக்குப் பெயர்போன முன்னாள் உள்துறை அமைச்சர் சார்ல் பாஸ்குவா, ஆவணங்கள் இல்லாமல் விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்கெல்லாம் அனுமதி கொடுத்துவிடலாம் என்றார். பலமாக இருக்கும்போதுதான் நாடு தாராளமாக இருக்க முடியும் என்பது அவர் வாதம். அரசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கே ஆண்டில், 2002-இல், தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென் அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். இதே அணியைச் செயற்கையானது என்று 1996-இல் பழித்தவர் அவர்.

அந்த 1998 கனவுதான் 2018-இல் எலிசே மாளிகையில் மீண்டும் விரிந்தது. கோப்பை வந்தால் மக்கள் மனம் இளகும், அந்த இளக்கத்தில் கடினமான சட்டங்களைக் கடத்திவிடலாம் என்ற கணக்கு எல்லா நாட்டு ஆட்சியாளர்களுக்கும் உண்டு. மக்ரோனுக்கு அந்த மகிழ்ச்சி மூன்று நாள்தான் நீடித்தது. வீரர்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. எம்பாப்பேயை எல்லாக் கட்சியும் கொண்டாடியது. ஆனால் கொண்டாட்டத்தின் நடுவிலேயே, அந்தப் பேருந்திலேயே, பெனல்லா இருந்தார். வெற்றிப் படத்தைத் திரும்பப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண் அவரைத் தேடியது. மாளிகை வெற்றியைத் தனக்கு மிக அருகில் இழுத்துக்கொண்டதன் விலை இது. 2022 டிசம்பரில் கத்தார் இறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றுத் திரும்பிய அணி எலிசே மாளிகைக்குப் போகவில்லை. கொங்கோர்து சதுக்கத்தில் ஒரு ஹோட்டல் மாடத்திலிருந்து மக்களுக்குக் கையசைத்துவிட்டுக் கலைந்தது.

பெனல்லா வழக்கு 2021-இல் நடந்தது. மூன்றாண்டுத் தண்டனை, அதில் ஓராண்டு மின்னணுக் கண்காணிப்பில் கழிக்க வேண்டும் என்று தீர்ப்பு. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. கொலோம் 2018 அக்டோபரிலேயே பதவி விலகி லியோன் நகர அரசியலுக்குத் திரும்பினார். குழுவை நடத்திய ப்ரோன்-பிவே 2022-இல் தேசிய சபையின் முதல் பெண் சபாநாயகர் ஆனார். அவர் அமர்ந்த சபையில் மக்ரோனுக்குப் பெரும்பான்மை இல்லை. ஒழுங்குப் பிரச்சினைகளுக்குப் பஞ்சமும் இல்லை.

நிறுத்திவைத்த மசோதா மீண்டும் விவாதத்துக்கு வரவே இல்லை. 2019 ஆகஸ்ட்டில் அதைத் திருத்தி, வேறு பெயரில் தாக்கல் செய்தார்கள். அது அலமாரியோடு சரி. அதிபர் உட்கார்ந்து பதில் சொல்லும் திட்டமும் அதோடு போனது. சபை ஒருமனதாக வாக்களித்து நீக்கிய 'இனம்' என்ற சொல்லும் சாசனத்தின் முதல் பிரிவில் அப்படியே இருக்கிறது. தேசிய சபையில் இன்றும் 577 இடங்கள். அவற்றில் ஒன்று, வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களின் 11-ஆம் தொகுதி. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழர்கள் வாக்களிப்பது அந்தத் தொகுதியில்தான்.